காவி உடுத்த ரோமாபுரிக்காரர்

திண்டுக்கல் மலைமீது மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் கோட்டை எழுப்பியது 1605-ல் என்பார்கள். அதே 1605-ல்தான் இத்தாலி தேசத்து இளைஞர் ஒருவர் கோவாவில் கப்பலை விட்டு இறங்கினார். அவருக்கு வயது 27. கோட்டைக்குப் பிறகு எத்தனையோ எஜமானர்கள் வந்து போனார்கள். 1755-ல் ஹைதர் அலி வந்தார், பிறகு திப்பு, 1792-ல் கம்பெனியார். இன்று அங்கே வெறும் மதிலும் காற்றும்தான் மிச்சம். அந்த இளைஞரும் ஒரு கோட்டை கட்டினார். அது சொற்களால் ஆனது. திண்டுக்கல் சமவெளியின் வேதக்கோயில்களில் அது இன்னும் இடியாமல் நிற்கிறது.

ராபர்ட் டி நொபிலி என்பது அவர் பெயர். பிரபு குலம்; கர்தினால்கள் உறவினர். 1606-ல் மதுரைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்பே பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் இருந்தார். நல்லவர், உழைப்பாளி. ஆனாலும் ஆண்டுக் கணக்கில் பாடுபட்டும் மதுரைவாசிகள் அவர் பக்கம் திரும்பவில்லை.

காரணம் ஒரே ஒரு சொல்: 'பரங்கி'. பரங்கி என்றால் மாட்டிறைச்சி தின்று, மது அருந்தி, குளிக்காமல் திரிகிறவன் என்று ஊரார் எண்ணினார்கள். கிறிஸ்துவை ஏற்பதென்றால் பரங்கி சாதியில் சேர்வது என்று அவர்களுக்குத் தோன்றிற்று. அப்படிச் சேர யார் முன்வருவார்கள்?

நொபிலி இதைப் புரிந்துகொண்டார். கறுப்பு அங்கியைக் களைந்தார். காவி உடுத்தார், பாதக்குறடு அணிந்தார், கையில் தண்டும் கமண்டலமும் ஏந்தினார். புலால் நீக்கி, நாளுக்கு ஒருவேளைச் சோறு உண்டார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்ற பண்டிதரிடம் வடமொழி பயின்றார். 'தத்துவ போதகர்' ஆனார். 'நான் பரங்கி அல்ல, ரோமாபுரியிலிருந்து வந்த சந்நியாசி' என்று ஊராருக்கு உரைத்தார்.

இது வெறும் வேஷம் அல்ல. வேஷக்காரர்கள் சபையை விட்டு இறங்கியதும் அரிதாரத்தைக் கலைத்துவிடுவார்கள். இவர் அரை நூற்றாண்டுக் காலம் கலைக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சித்தாந்தம் இருந்தது. குடுமி, சந்தனம், ஸ்நானம், பூணூல் ஆகியவை ஊர் வழக்கங்கள். அவற்றிற்கும் விக்கிரக வழிபாட்டிற்கும் சம்பந்தமில்லை. ஒருவன் கிறிஸ்தவன் ஆவதற்காகத் தன் தேசத்தைத் துறக்க வேண்டியதில்லை என்றார் அவர். ஆதித் திருச்சபையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 2-ஆம் நூற்றாண்டு ஞானி ஜஸ்டின் கிறிஸ்தவரான பின்பும், கிரேக்கத் தத்துவவாதிகள் அணியும் மேலங்கியைக் கழற்றவில்லை. ரோமாபுரி ராஜ்யத்தில் செல்லுபடியான நியாயம் மதுரை ராஜ்யத்தில் செல்லாதா?

'செல்லாது' என்றவர்கள் சொந்தச் சபையிலேயே இருந்தார்கள். பெர்னாண்டஸ் புகார் எழுதினார். 1619-ல் கோவாவில் கூடிய சபையில் பெரும்பாலோர் நொபிலிக்கு எதிராகப் பேசினார்கள். வழக்கு ரோமுக்குப் போயிற்று. 1623 ஜனவரி 31-ல் போப் பதினைந்தாம் கிரெகோரியின் சாசனம், மேலும் ஆராயும்வரை அந்த வழக்கங்கள் நீடிக்கலாம் என்று அனுமதி தந்தது.

இதற்கிடையில் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் என்று பனை ஓலைகள் பெருகின. செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில், வாதத்தை வசனத்தில் நடத்தினார். உடையில் விட்டுக்கொடுத்தவர் கொள்கையில் விட்டுக்கொடுக்கவில்லை. மறுபிறவிக் கொள்கையை மறுத்துத் தனி நூலே எழுதினார். 'சர்வேசுரன்' என்ற சொல்லைத் தமிழ்க் கத்தோலிக்கரின் நாவில் நிலைநிறுத்தியவர் அவர்தான். 1960-களின் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு 'சர்வேசுரன்' 'இறைவன்' ஆனார். 'பூசை' 'திருப்பலி' ஆயிற்று. ஆனாலும் பாட்டிமார் இன்னும் பூசைக்குத்தான் போகிறார்கள்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கதை சுகமாக முடிந்துவிடும். சரித்திரம் அப்படி முடிவதில்லையே!

ஊர் வழக்கம் என்று நொபிலி ஒதுக்கிய பட்டியலில் சாதியும் இருந்தது. அதையும் உடையைப் போல எண்ணினார். உயர்குலத்தாருக்கு ஒரு கோயில், மற்றவர்களுக்கு வேறு கோயில் என்று ஆயிற்று. ஒடுக்கப்பட்ட மக்களுக்காக 1640-ல் 'பண்டாரசாமிகள்' என்று தனி வகுப்புக் குருக்களே ஏற்பட்டார்கள். போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த துர்னோன் ஆண்டகை 1704-ல் ஒரு கட்டளை இட்டார்: நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருமார் செல்ல வேண்டும்! சாகக் கிடக்கும் ஒருவன் வீட்டு வாசற்படியைத் தாண்டுவதற்குக் கட்டளை தேவைப்பட்டது என்றால், அந்த வழக்கம் வெறும் உடையா? உடையைக் கழற்றலாம், சாதி தோலோடு ஒட்டிக்கொள்கிறது. கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சுவர் எழுந்த செய்திகளை நம் காலத்திலும் படித்தோம்.

ஆகவே அவரை மகான் என்று மாத்திரம் சொல்வதும், சாதிக்குக் குடை பிடித்தவர் என்று மாத்திரம் சொல்வதும் பாதி உண்மைதான். அந்நிய மதம் ஒன்று தமிழ் பேச வழி திறந்தவர் அவர். அந்த வழியாகத்தான் வீரமாமுனிவரும் வந்தார். திண்டுக்கல்லில் இளம் சேசு சபைத் துறவிகள் பயிலும் பெஸ்கி இல்லம் அந்த முனிவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே வழியாக ஊரின் பழைய நோயும் உள்ளே நுழைந்தது.

நொபிலி 1656-ல், பார்வை மங்கிய கிழவராக, மயிலாப்பூரில் காலமானார். கடைசிவரை புலால் தொடவில்லை. திண்டுக்கல் முத்தழகுபட்டியில் ஆண்டுதோறும் செபஸ்தியார் திருவிழா நடக்கிறது. பக்தர்கள் காணிக்கையாகத் தந்த ஆடுகளும் கோழிகளும் பெரிய அண்டாக்களில் வேகின்றன. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அந்த அன்னதானத்தை வாங்கி உண்கிறார்கள். தனியே அமர்ந்து ஒருவேளைச் சோறு உண்ட தத்துவ போதகர் இதைக் கண்டால் சற்றுத் திகைப்பார். ஆனால், இங்கே உண்பவர் எவரும் இந்த மதத்தைப் பரங்கி மதம் என்று நினைப்பதில்லை. அவர் பாடுபட்டது இதற்காகத்தானே? ஒரே அண்டாவில் சமைத்த சோற்றை யாரும் யாரோடும் உட்கார்ந்து உண்ணலாம் என்பது மட்டும் அவர் சொல்லாமல் விட்டது. அதைத் தமிழ்நாடு தானாகத்தான் கற்க வேண்டியிருக்கிறது.