தோலுக்கு இருந்த விலை விஷத்துக்கு வந்த கதை

எங்க சோமனூர்ல தறிக்குடோனுக்குள்ள பாம்பு வந்தா அடிச்சுட்டுத்தான் மறுபேச்சு. அதனாலேயே இருளர்களின் இந்த வரலாறு என்னை யோசிக்க வச்சதுங்க.

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் பாம்பு பிடித்துத் தோலை விற்றுப் பிழைத்தவர்கள். 1972 வனவிலங்குச் சட்டமும், பின்னால் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை முடித்தன. 1978ல் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு பிறந்ததுதான் வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் பிடிப்பார்கள். சில வாரம் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்ப விட்டுவிடுவார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலம்.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஸ்வீட்வாட்டரில் 1958 முதல் ரேட்டில்ஸ்நேக் திருவிழா நடக்குது. அங்கேயும் விஷம் எடுப்பாங்க; ஆனா கூட்டத்துக்கு முன்னாலயே பாம்பைக் கொன்னு தோலுரிப்பாங்க.

ரெண்டு பக்கமும் பிடிக்கிறதுதான். வித்தியாசம், இருளர் சங்கத்துக்கு உயிரோட இருக்கிற பாம்புதான் சம்பாத்தியம். திரும்ப விட்ட பாம்பு பிழைக்குதான்னு கேட்கிறதும் நியாயம்தான். ஆனா வெறும் தடையோட நின்னிருந்தா, அவங்க சோறும் அந்த வித்தையும் சேர்ந்தே போயிருக்கும்.