ஒரே ஆளுக்கு எத்தனை பெயர்: கும்மந்தான் கான்சாகிப்

தாம்பரத்துல ரயில் ஏறி பீச் பக்கம் போறவங்க பரங்கிமலை ஸ்டேஷனைத் தினமும் தாண்டுவீங்க. இன்னிக்குக் கதை அங்கதான் ஆரம்பிக்குது.

1758 டிசம்பர்ல பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். ஆங்கிலேயர்கள் உள்ளே மாட்டிக்கிட்டாங்க. வெளியே, செங்கல்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் நடுவுல, அதாவது ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்ல நாம நிக்கிற இதே பக்கத்துல, ஒரு படை சுத்திக்கிட்டே இருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு உணவு வரும் வழியை அடைப்பதுதான் அதன் வேலை. அதில் முக்கியமான ஆள் யூசுப் கான். 1759 பிப்ரவரியில் பரங்கிமலையிலேயே நடந்த சண்டையிலும் அவர் இருந்தார். அந்த மாதமே முற்றுகை கலைந்தது.

ராமநாதபுரம் பக்கம் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவர்னு சொல்லப்படுபவர். கமல்ஹாசன் 1997ல் தொடங்கி இன்னும் முடியாத படம் இவரைப் பற்றியதுதான்.

கம்பெனி இவருக்குக் கொடுத்த பதவி கமாண்டன்ட். நம்ம ஆட்கள் அதை வாயில் போட்டு மென்று 'கும்மந்தான்' ஆக்கிட்டாங்க. இவர் நடத்தினது சிப்பாய்களை. சிப்பாய் பாரசீகச் சொல். அதையே ஆங்கிலேயர்கள் 'சீபாய்'னு எழுதிக்கிட்டாங்க. பட்டாளம் சுத்தத் தமிழ்னு நான் ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன். அது 'பட்டாலியன்' வழியா வந்ததுன்னு படிச்சப்போ கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்தது.

சரி, ரெபல்? 'மியூட்டினி'ங்கிற சொல் பெரும்பாலும் படைக்குள்ள சிப்பாய்கள் உத்தரவை மீறும்போது வரும். 1806 வேலூர் நினைவிருக்கும். 'ரெபல்' லத்தீன்லேர்ந்து வந்தது. மூலப்பொருள் 'மறுபடி போருக்கு வந்தவன்'. அதாவது, உன்னை நான் ஏற்கெனவே ஜெயிச்சாச்சு, நீ எப்படித் திரும்ப எழுந்திருக்கலாம்னு கேட்கிற சொல். சொல்றவன் தன்னை எஜமான்னு முதல்லயே முடிவு பண்ணிக்கிறான்.

யூசுப் கான் இந்தச் சொல்லை மத்தவங்க மேல பயன்படுத்துற பக்கத்துலதான் ரொம்ப நாள் இருந்தார். நெற்கட்டும்செவல் பூலித்தேவனை ஒடுக்கியது இவர் படைதான். திருநெல்வேலிப் பக்கம் பூலித்தேவன் கதை கேட்டு வளர்ந்தவங்களுக்கு இவர் இன்னிக்கும் வில்லன். அதில் தப்பு சொல்ல என்னால முடியல.

அப்புறம் மதுரையை ஆளும் பொறுப்பு கைக்கு வந்தது. ஆற்காடு நவாபுக்குக் கீழே இருக்கணும்னு கம்பெனி சொன்னது; இவர் மறுத்தார். 1763ல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஆமாம், பரங்கிமலையில் எந்தக் கொடிக்கு எதிரா நின்றாரோ அதே கொடி! முதல் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். அடுத்த வருடம் சொந்த ஆட்களே தொழுகை நேரத்தில் பிடித்துக்கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

1914ல் எஸ். சி. ஹில் இவரைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகத்தின் தலைப்பில் 'ரெபல் கமாண்டன்ட்' ரெண்டு சொல்லும் சேர்ந்தே வருது. ஒண்ணு கம்பெனி தந்த பதவி, இன்னொண்ணு கம்பெனி சுமத்திய குற்றம்.

மக்கள் வேற வழியில் போனாங்க. 'கான்சாகிபு சண்டை'ன்னு கதைப்பாடலாப் பாடினாங்க. கயிறு அறுந்து போச்சு, உடம்பை வெட்டி வெவ்வேறு ஊருக்கு அனுப்பினாங்கன்னு கதைகள் சேர்ந்தன. 'லெஜண்ட்'ங்கிற சொல்லுக்கு லத்தீனில் 'படிக்க வேண்டியவை'ன்னு பொருள். இங்கே அது காதால் கேட்டே பரவினது. மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலத்துக்குப் போனா, பதவியும் குற்றமும் ரெண்டும் இல்லாம 'கான்சாகிப் பள்ளிவாசல்'னுதான் வழி சொல்வாங்க.

அடுத்த எபிசோட் பல்லாவரம் கன்டோன்மென்ட்லேர்ந்து. சந்திப்போம்.