தலைக்கு மேல் ஆடும் விசிறி

மின்விசிறி ஆடத் தொடங்கினால், நம் வீடுகளில் அதன் கீழிருக்கும் பாயை நகர்த்திப் போடுவார்களேயன்றி, அஃது ஏன் ஆடுகின்றதென்று ஆராய்வோர் அரியர். ஆடுவதையே தொழிலாகக் கொண்ட விசிறி ஒன்று முன்னாளில் இருந்தது. பங்கா என்பது அதன் பெயர்.

மரச்சட்டத்தில் துணி கட்டி மேலே தொங்கவிடுவர். அதன் கயிறு சுவர்த்துளை வழியே தாழ்வாரத்துக்குச் செல்லும். அங்கே ஒருவன் அமர்ந்து இரவெல்லாம் இழுக்க வேண்டும். இந்தியாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் துரைமார் பங்களாக்களில் வீசிய காற்று இவ்வாறு ஏழையின் தோள்வலியில் பிறந்ததே. இழுத்தவருள் நம்மவரும் இருந்தனர். அவன் கண்ணயர்ந்தால் காற்று நிற்கும். வியர்த்து விழித்த துரை எழுந்துவந்து உதைப்பார். இந்தியாவில் அவ்வுதையால் மாண்டவர் உண்டு. வழக்கு நடந்தால், மாண்டவனுக்கு மலேரியாவால் மண்ணீரல் வீங்கியிருந்தது, ஆதலின் சிறு அடியே உயிரைப் போக்கிற்று என்று வாதிப்பர். உயிரின் விலை சிறு அபராதத்தோடு தீர்ந்துபோவதும் உண்டு. 1899 முதல் 1905 வரை வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபுவே, வெள்ளையர் இந்தியரைத் தாக்கும் இத்தகைய கொடுமைகளைக் கண்டு வெகுண்டாரெனின், அவற்றின் அளவை நாம் ஊகிக்கலாம்.

அக்கயிற்றுக்கு முடிவு கட்டிய கருவியை அமைத்தவர்களுள் முதன்மையானவர் பிலிப் டீல். ஜெர்மனியிற் பிறந்து, அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திரக் கம்பெனியில் பணியாற்றிய இப்பொறியாளர், தையல் இயந்திரத்துக்கான மோட்டாரில் இறக்கைகளைப் பூட்டி மேலே தொங்கவிட்டார். 1889இல் காப்புரிமையும் பெற்றார். பங்கா இழுத்தவன்மேல் இரக்கங்கொண்டு அவர் இதைச் செய்ததாகச் சொல்வதற்கில்லை. 1899இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் ராபிள்ஸ் ஹோட்டலின் புதிய கட்டடத்தில் மின்விளக்கும் மின்விசிறியும் ஒருங்கே வந்தன. உதை ஒழிந்தது; கயிற்றை இழுத்தவனின் சொற்பக் கூலியும் கூடவே போயிற்று.

பங்கா ஆடினால்தான் காற்று, மின்விசிறியோ ஆடலாகாது. இறக்கைகளுள் ஒன்று எடை மிகுந்தாலும், சற்றே தாழ்ந்தாலும் அது விசிறியைத் தன் பக்கம் இழுக்கும். வேகம் இரட்டித்தால் எடை வேற்றுமையால் வரும் அவ்விழுப்பு நான்கு மடங்காகும். மெல்லச் சுழலும்போது அடங்கியிருப்பது வேகத்தில் கூத்தாடுவது இதனாலேயே.

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. மேற்கொக்கி, அதில் மாட்டிய போல்ட், இறக்கைத் திருகாணிகள் யாவும் இறுகியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். பின்னர் ஒரு குச்சியைக் கூரையிலிருந்து செங்குத்தாகப் பிடித்து, இறக்கை நுனி நிற்கும் உயரத்தைக் குறித்துக்கொண்டு, கையால் சுழற்றி மற்றவற்றையும் ஒப்பிடுக. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அதைத் தாங்கும் தகடு வளைந்திருக்கலாம். உயரம் ஒத்திருந்தும் ஆடினால் குறை எடையில் இருக்கக்கூடும். ஓர் இறக்கையின் மேற்புறம் சிறு நாணயத்தை உறுதியாக ஒட்டி ஓடவிட்டு, ஆட்டம் தணியும்வரை இறக்கை மாற்றியும் இடம் மாற்றியும் பார்க்கலாம். பழைய விசிறியிலிருந்து ஒரே ஓர் இறக்கையைக் கடன்வாங்கிப் பூட்டுவாரும் உளர். தொழிற்சாலையில் எடை பார்த்துச் சேர்த்த தொகுதியாதலின், மாற்றுவதாயின் எல்லா இறக்கைகளையுமே மாற்ற வேண்டும்.