அநுராதபுரத்துச் சிலுவையும் ஒரு பிள்ளையின் கேள்வியும்



இலங்கைக்குக் கிறிஸ்தவம் எப்போது வந்தது என்று கேட்டால், 1505இல் போர்த்துக்கேயரோடு என்போம். நானும் பல வருடமாக அப்படித்தான் படிப்பித்தேன்.

ஒருமுறை பிள்ளைகளோடு அநுராதபுரம் போனபோது, நூதனசாலையில் ஒரு கருங்கல் தூணைப் பார்த்தோம். அதில் குடைந்து செதுக்கிய ஒரு சிலுவை. கீழே படிபோன்ற பீடம், இரு பக்கமும் மேலெழும் இலைகள். ஒரு மகள் கேட்டாள்: "சேர், போர்த்துக்கேயர் இங்கேயும் வந்து குடியிருந்தாங்களா?" என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்துதான் தேடிப் படித்தேன்.

1912இல் அநுராதபுர உள்நகர அகழ்வில் கிடைத்த தூண் அது. அப்போதைய தொல்பொருள் ஆணையாளர் அயர்டனும் அதைப் போர்த்துக்கேயருடையது என்றே நினைத்தார். 1926இல் கொட்ரிங்டன் வேறு கருத்தை முன்வைத்தார். இது பாரசீகக் கிறிஸ்தவர்களின், அதாவது நெஸ்தோரியர்களின் சிலுவை என்றார். சென்னை பரங்கிமலையிலும் கேரளத்துக் கோட்டயத்திலும் இதே வகைச் சிலுவைகள் இருக்கின்றன.

எழுத்திலும் சாட்சி உண்டு. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மஸ், இந்தத் தீவில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு தேவாலயம் இருந்ததாகவும், அதன் குருவானவர் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார். நாட்டு மக்களும் அரசர்களும் வேறு சமயத்தவர் என்றும் சொல்கிறார்.

பிறகொரு நாள் அந்த உள்நகரத்துக்குத் தனியாகப் போனேன். 993இல் சோழர் படையெடுப்புக்குப் பின் தலைநகர் பொலன்னறுவைக்கு மாற, இந்த ஊரைக் காடு மூடியது. மரங்களுக்கிடையே செங்கல் அத்திவாரங்கள் கிடக்கின்றன. தேவாலயம் என்று காட்ட ஒரு சுவர்கூட இல்லை. அந்தத் தூண் மட்டும்தான் மிச்சம்.

இதை ஏன் எழுதுகிறேன்? "நீங்கள் எப்போது வந்தவர்கள்?" என்ற கேள்வி எங்களுக்கும் புதிதல்ல. பதிலுக்கு நாங்களும் பழைய கல்லைத் தேடி ஓடுகிறோம். ஆனால் இந்தத் தூணில் நான் கண்டது வேறு. ஒரு பௌத்த அரசனின் தலைநகரில், கடல் கடந்து வந்த வேறு சமயத்தவர் தங்கள் அடையாளத்தைக் கல்லில் செதுக்கி வைக்க முடிந்திருக்கிறது. யார் முந்தி வந்தது என்பதைவிட, அதுதான் பெரிய விஷயம்.

அந்த மகளிடம் அடுத்த வகுப்பில் சொன்னேன்: "நான் படிப்பித்தது முழுமையில்லை மகள்." அநுராதபுரம் போனால் உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தத் தூணைக் காட்டுங்கள்.