போராட்டமும் தூக்குத்தண்டனையும்: சென்னை மாகாணத்திலும் திருவிதாங்கூர்–கொச்சியிலும் (1940–1957)

முன்னுரை

கொச்சி நகரின் வைட்டிலாச் சந்திப்பிலிருந்து புறவழிச்சாலையில் வடக்கு நோக்கிச் சில கிலோமீட்டர் சென்றால் இடப்பள்ளி என்னும் ஊர் வரும். 1950 பிப்ரவரி 28 இரவு அவ்வூர்க் காவல் நிலையத்தைக் கம்யூனிஸ்டுக் கட்சியினர் தாக்கினர். காவலில் வைக்கப்பட்டிருந்த தோழர் இருவரை மீட்பதே அவர்தம் நோக்கம். அத்தாக்குதலில் காவலர் இருவர் உயிரிழந்தனர். வழக்கு நடைபெற்று நெடிய சிறைத்தண்டனைகள் விதிக்கப்பட்டன. ஆயினும் எவரும் தூக்கிலிடப்படவில்லை.

இதற்கு ஏறத்தாழ ஏழாண்டுகளுக்கு முன்னர், 1943 மார்ச் 29 அன்று, கையூர் என்னும் சிற்றூரைச் சேர்ந்த உழவர் இயக்கத்தினர் நால்வர் கண்ணூர் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்கில் இறந்த காவலர் ஒருவரே. அந்நிகழ்வும் ஆயுதமேந்திய இரவுத் தாக்குதலன்று. பகலில் சென்ற ஊர்வலத்தின் இடையே நேர்ந்தது.

இவ்விரண்டு ஊர்களும் இன்று கேரள மாநிலத்தில் அமைந்துள்ளன. அன்று கையூர் சென்னை மாகாணத்தின் தென்கன்னட மாவட்டத்திலும், இடப்பள்ளி திருவிதாங்கூர்–கொச்சி அரசிலும் இருந்தன. செயலின் கடுமையைக் கொண்டு மட்டும் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. அரசியல் போராட்டத்தில் ஈடுபட்டோரைத் தூக்குமேடைக்கு அனுப்பியவற்றுள் சட்டத்தின் அமைப்பு, கருணை மனு ஆராயப்பட்ட காலம், வழக்குக்கு இடப்பட்ட பெயர் ஆகிய மூன்றும் பெரும்பங்கு வகித்தன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சட்டத்தின் பார்வையில் கூட்டம்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் குற்ற நோக்குடன் கூடுவதைச் சட்டவிரோதக் கூட்டம் என வரையறுத்தது (பிரிவு 141). அக்கூட்டத்தின் பொதுநோக்கினை நிறைவேற்றும் போக்கில் உறுப்பினர் ஒருவர் குற்றம் புரியின், அப்போது கூட்டத்திலிருந்த ஒவ்வொருவரும் அக்குற்றத்திற்குப் பொறுப்பாவர் என்றது 149ஆம் பிரிவு. அக்குற்றம் நிகழக்கூடும் என அவர்கள் அறிந்திருந்தாலே போதுமானது. எனவே உயிர்போக்கிய அடி எவருடையது என்பதைத் தனித்து மெய்ப்பிக்க வேண்டிய தேவை அரசுத்தரப்புக்கு இல்லாதாயிற்று.

இதனோடு 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 367ஆம் பிரிவு ஐந்தாம் உட்பிரிவையும் இணைத்து நோக்குதல் வேண்டும். மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஒருவரைக் குற்றவாளி எனக் கண்ட நீதிபதி, அத்தண்டனையை விதிக்காவிடில் அதற்குரிய காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும் என்றது அது. தூக்கு விதிப்பதற்குத் தனிக்காரணம் வேண்டப்படவில்லை. உயிரைக் காப்பதற்கே காரணம் வேண்டப்பட்டது. இவ்விரு விதிகளும் சேர்ந்த இடத்தில் போராட்டக் கூட்டத்தில் நின்றவர் கொலையாளியாவதும், கொலையாளி தூக்குக்குரியவராவதும் இயல்பான வழியாயின.

இதன் உச்சநிலையைச் சௌரிசௌரா வழக்கு காட்டுகிறது. 1922 பிப்ரவரியில் நிகழ்ந்த காவல் நிலைய எரிப்பு தொடர்பாக, கோரக்பூர் அமர்வு நீதிமன்றம் 1923 சனவரியில் 172 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அலகாபாத் உயர்நீதிமன்றம் அவர்களுள் 19 பேருக்கே அதனை உறுதி செய்தது. ஒரே நிகழ்வு, ஒரே சான்றுகள். இரு நீதிமன்றங்களின் எண்ணிக்கைக்கிடையே 153 உயிர்கள் நிற்கின்றன. கூட்டத்தினுள் தனிமனிதரைப் பிரித்தறியும் முயற்சி சற்று மிகுந்தாலும் குறைந்தாலும் விளைவு எத்துணை வேறுபடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கையூர் வழக்கு

தேசஸ்வினி ஆற்றங்கரையிலுள்ள கையூரில் 1930களின் பிற்பகுதியில் உழவர் சங்கம் வலுப்பெற்றது. நிலவுடைமையாளர் பெற்றுவந்த குத்தகைக்கு மேற்பட்ட வசூல்களும் காட்டு உரிமை மறுப்பும் சங்கம் எதிர்த்தவற்றுள் அடங்கும். 1941 மார்ச் இறுதியில் காவல்துறை அவ்வூரில் தேடுதல் நடத்திச் சிலரைக் கைது செய்தது. அதனைக் கண்டித்து மார்ச் 28 அன்று ஊர்வலம் நடைபெற்றது. வழியில் எதிர்ப்பட்ட சுப்பராயன் என்னும் காவலரைக் கூட்டத்தினர் செங்கொடி ஏந்தி உடன்வரச் செய்தனர். அவர் ஒரு கட்டத்தில் கொடிக்கம்பால் தாக்கித் தப்ப முயன்று ஆற்றில் குதித்தார். கூட்டம் கல்லெறிந்தது, அவர் ஆற்றில் உயிரிழந்தார்.

ஏறத்தாழ 60 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. மங்களூர் அமர்வு நீதிமன்றம் 1942 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மடத்தில் அப்பு, கோயித்தாட்டில் சிருகண்டன், பொடோர குஞ்ஞம்பு நாயர், பள்ளிக்கல் அபூபக்கர் ஆகிய நால்வரின் மரண தண்டனையைச் சென்னை உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. சூரிக்காடன் கிருஷ்ணன் நாயர் இளவயதின் காரணமாகத் தூக்கிலிருந்து தப்பினார். இலண்டன் பிரிவி கவுன்சிலை நாடிய முயற்சியும் பயன் தரவில்லை.

இறந்த காவலரும் கீழ்நிலை ஊழியர் ஒருவரே. ஒரு கூட்டத்தின் நடுவே தனியராய் அகப்பட்டு மாண்ட அவரது இறப்பைச் சிறுமைப்படுத்தி இவ்வழக்கை எழுதுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆயினும் ஓடும் ஆற்றில், பலர் எறிந்த கற்களிடையே நேர்ந்த இறப்பிற்கு நான்கு உயிர்களை ஈடாக்கிய முறை ஆராய்தற்குரியது.

காலமும் கருணையும்

கையூருக்கு முன்னர் 1940 செப்டம்பர் 15 அன்று மலபார் மாவட்டத்து மொறாழையில் தடையை மீறிக் கூடிய கூட்டத்திற்கும் காவலர்க்கும் மோதல் ஏற்பட்டது. துணை ஆய்வாளர் குட்டிகிருஷ்ண மேனன் அதில் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் கே.பி.ஆர். கோபாலன் மரண தண்டனை பெற்றார். அவருக்காகக் காந்தியடிகள் உள்ளிட்ட பலர் குரல் கொடுத்தனர். 1942இல் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது.

மொறாழைக்குக் கிடைத்தது கையூருக்குக் கிடைக்காமைக்கு ஒற்றைக் காரணம் கூறல் பொருந்தாது. எனினும் கால வேறுபாடு கருதத்தக்கது. கோபாலனின் தண்டனை குறைக்கப்பட்டது ஆகஸ்டுப் புரட்சிக்கு முன்னர். கையூர் நால்வரின் கருணை மனு அதற்குப் பின்னர் நிராகரிக்கப்பட்டது. 1939 அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவை விலகியதிலிருந்து மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சியில் இருந்தது. மக்களுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்ட அமைச்சர் எவரும் இலர். காங்கிரசுத் தலைவர்களுள் மிகப் பலர் சிறையில் இருந்தனர். கம்யூனிஸ்டுக் கட்சியோ 1942 சூலையில் தடை நீங்கப்பெற்றுப் போர் முயற்சிக்கு ஆதரவாக நின்றது. அக்கட்சியின் பொதுச் செயலாளர் பி.சி. ஜோஷி சிறையில் நால்வரையும் கண்டு விடைபெற முடிந்ததேயன்றி அவர்களை மீட்க முடியவில்லை.

திருநெல்வேலிச் சீமையின் குலசேகரன்பட்டினம் வழக்கு வேறொரு முடிவைக் கண்டது. 1942 செப்டம்பரில் அங்குள்ள உப்பளத்தில் உதவி ஆய்வாளர் லோன் கொல்லப்பட்டார். இராஜகோபாலன், காசிராஜன் என்னும் இளைஞர் இருவர் மரண தண்டனை பெற்றனர். அவர்களுக்காக இராஜாஜி முதலியோர் முயன்றனர். மேல்முறையீடுகளால் தண்டனை நிறைவேற்றம் தள்ளிப்போயிற்று. இறுதியில் அது குறைக்கப்பட்டு இருவரும் விடுதலை பெற்றனர். மத்திய மாகாணத்துச் சிமூர், ஆஷ்டி வழக்குகளிலும் நாடு தழுவிய வேண்டுகோளுக்குப் பின் 1945இல் தூக்குத்தண்டனைகள் குறைக்கப்பட்டன. போர்க்காலத்தில் ஓராண்டுத் தாமதமே ஓர் உயிராக இருந்தது என இவற்றால் அறியலாம்.

பெயர் பெறாத வழக்கு

தாமதம் மட்டுமே காத்தது எனவும் கொள்ள இயலாது. போர் முடிந்த பின்னர், 1946 சனவரி 8 அன்று, கோவை மத்தியச் சிறையில் இராமையன், வெங்கடாசலம், சின்னையன், இரங்கண்ணன் ஆகிய நால்வர் தூக்கிலிடப்பட்டனர். சின்னியம்பாளையத்தைச் சார்ந்த இவர்கள் ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர், செங்கொடிச் சங்கத்தினர். தொழிற்சங்கப் பூசலின் சூழலில் நிகழ்ந்த கொலை தொடர்பான வழக்கு அது.

இந்திய தேசியப் படை வீரர்கள் மீதான தில்லிச் செங்கோட்டை வழக்கில் அளிக்கப்பட்ட தண்டனை அதே மாதத்தில்தான் நீக்கப்பட்டது. முடிமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டோர் விடுதலையாக, ஆலைத் தொழிலாளர் தூக்கிலேறினர். முன்னது நாட்டின் அரசியல் வழக்காக அறியப்பட்டது. பின்னது ஊர்ப்பூசலாகப் பதிவாயிற்று. நீதிமன்றம் தீர்ப்பளிக்கையில் அரசியலைக் கருதுவதில்லை என்பது கொள்கை. கருணை வழங்கும் இடத்திலோ அரசியலே முதலிற் கருதப்பட்டது. அவ்விடத்தில் தம் செயலுக்கு அரசியல் என்னும் பெயரைப் பெற்றுத்தர வல்ல ஆதரவு இல்லாத ஏழைத் தொழிலாளரும் உழவருமே எஞ்சினர் எனலாம்.

தூக்குமரம் இல்லாத நிலம்

திருவிதாங்கூர் அரசு 1944இல் கொலைக்குற்றத்திற்கான மரண தண்டனையை நீக்கியது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1951இல் அந்நிலப்பகுதிக்கு விரிவாக்கப்பட்டபோது அத்தண்டனை மீண்டும் வந்தது. இடப்பள்ளி பழைய திருவிதாங்கூரைச் சார்ந்த ஊர். அங்கு நிகழ்ந்த தாக்குதல் இவ்விடைவெளிக் காலத்தது. இத்தாக்குதல் கையூரினும் திட்டமிட்டது, உயிரிழப்பும் மிகுதி. எனினும் தண்டனை பெற்றோர் உயிரோடிருந்தனர். 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைந்த அரசு அரசியல் கைதிகளை விடுவித்தபோது வெளிவந்தனர். தூக்கிலிட்டிருப்பின் அவ்விடுதலைக்கு இடமே இருந்திராது.

எனினும் தூக்குமரம் இல்லாத நிலம் கொலைத்தொழில் இல்லாத அரசாகிவிடவில்லை. மரண தண்டனையை நீக்கிய அதே திருவிதாங்கூரில், 1946 அக்டோபர் 24 அன்று புன்னப்புரையிலும் 27 அன்று வயலாரிலும் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் பலர் மாண்டனர். மாண்டோர் தொகை இன்றளவும் கருத்து வேறுபாட்டிற்கு உரியதாகவே உள்ளது. இடப்பள்ளி வழக்கிலும் தொடர்புபடுத்தப்பட்ட இருவர் காவலர் சித்திரவதையால் இறந்ததாக இயக்க வரலாறு கூறுகிறது. கையூரில் தூக்கிலேறியோர்க்குப் பெயரும் தீர்ப்பும் மேல்முறையீடும் இருந்தன. வயலாரில் வீழ்ந்தோர்க்கு எண்ணிக்கைகூட உறுதியாகவில்லை. ஆதலின் மரண தண்டனை ஒழிப்பு தேவையான ஒன்றே; அது மட்டுமே போதுமானதன்று.

குடியரசுக் காலத் தொடர்ச்சி

விடுதலைக்குப் பின்னும் இச்சிக்கல் நீங்கவில்லை. தெலங்கானா உழவர் எழுச்சியில் ஈடுபட்டோர் பன்னிருவர்க்குச் சிறப்புத் தீர்ப்பாயங்கள் 1949இல் மரண தண்டனை விதித்தன. இங்கிலாந்து வழக்குரைஞர் டி.என். பிரிட் இந்தியா வந்து அவர்களுக்காக வாதாடினார். பின்னர் அத்தண்டனைகள் குறைக்கப்பட்டன. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பர் 1 அன்று, நக்சல்பாரி இயக்கத்தினரான பூமையா, கிஷ்டா கௌடு இருவரும் ஐதராபாத்தில் தூக்கிலிடப்பட்டனர். 1943இல் போலவே 1975இலும் எதிர்க்குரல் எழுப்ப வல்லோர் பலர் சிறையில் இருந்தனர்.

சட்டத்தின் ஒரு பாதி மாறியுள்ளது. தூக்கு விதிக்காமைக்குக் காரணம் எழுதவேண்டிய கடமையை 1955ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. 1973ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டம் தூக்கு விதிப்பதற்கே தனிக்காரணம் வேண்டும் என்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் அரிதினும் அரிதான வழக்குகளுக்கு மட்டும் அதனை வரையறுத்தது. மறுபாதி மாறவில்லை. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 190ஆம் பிரிவு, பழைய 149ஆம் பிரிவின் கருத்தை ஏற்றுத் தொடர்கிறது.

நினைவும் மொழியெல்லையும்

இவ்வழக்குகளின் நினைவு மொழிவழி மாநிலங்களின் எல்லைகளால் பிரிந்து கிடக்கிறது. கையூர் கேரள வரலாற்றுக்கும், குலசேகரன்பட்டினமும் சின்னியம்பாளையமும் தமிழக வரலாற்றுக்கும் உரியனவாகக் கருதப்படுகின்றன. ஆனால் இவை யாவும் ஒரே மாகாண அரசின் கீழ், ஒரே உயர்நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் நடந்தவை. இலக்கியம் இவ்வெல்லையை முன்னரே கடந்துள்ளது. கையூர் நிகழ்வைக் கன்னட எழுத்தாளர் நிரஞ்சனா ‘சிரஸ்மரணெ’ என்னும் புதினமாக்கினார்; அது ‘நினைவுகள் அழிவதில்லை’ என்னும் பெயரில் தமிழில் வந்து பல தலைமுறையினரால் படிக்கப்பட்டது. தூக்குத்தண்டனைக் கைதியாக வாழ்ந்த சி.ஏ. பாலனின் ‘தூக்குமர நிழலில்’ மலையாளத்திற்கும் தமிழுக்கும் பொதுவான நூலாயிற்று. ஆய்வுலகமும் இவ்வழிச் சென்று சென்னை மாகாணத்துத் தீர்ப்புகளையும் கருணை மனுக்களையும் ஒருசேர வைத்து ஆராய்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட வழக்குகளால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, பொதுநோக்கு விதியும் தூக்கை இயல்பாக்கிய நடைமுறை விதியும் இணைந்து போராட்டக் கூட்டத்தினரைத் தூக்குக்குரியோராக்கின. இரண்டு, தண்டனை நிறைவேறியதும் நிறைவேறாததும் காலத்தையும் அரசியல் ஆதரவையும் பெரிதும் சார்ந்திருந்தன. மூன்று, தூக்கு இல்லாத இடத்தில் பிழையைத் திருத்தவும் மன்னிக்கவும் பின்னைய அரசுக்கு வாய்ப்பு எஞ்சியது. இடப்பள்ளிக் கைதிகளுக்குச் சிறைக்கதவு 1957இல் திறந்தது. கையூரின் நால்வர் உயிரோடிருந்திருப்பின் அவர்களுக்கும் அன்று திறந்திருக்கக்கூடும்.