தொண்டர் படை: கெடா தோட்டங்களில் ஓர் ஆண்டு

சமூகத் தொண்டு என்றதும் நம் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது புறப்பாடப் புள்ளிதான். அதில் தவறு ஒன்றும் இல்லை, புள்ளியும் வேண்டியதுதானே. ஆனால் ‘தொண்டர்’ என்ற சொல்லையே பெயராக வைத்துக்கொண்ட ஓர் இளைஞர் கூட்டம் இதே நாட்டில், கெடா ரப்பர் தோட்டங்களில் இருந்தது. 1946இல் எழுந்தது. 1947இல் போலீசின் தடியையும் துப்பாக்கியையும் சந்தித்தது. ஏறக்குறைய ஓராண்டுக்குள் சிதறிப்போனது. தொண்டர் படை என்பது அதன் பெயர். தொண்டு பற்றிக் கட்டுரை எழுதும் மாணவரும் அதைத் திருத்தும் ஆசிரியரும் இந்தக் கதையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அந்த இளைஞர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். 1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. சயாம் மரண ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. லயங்களில் மிஞ்சியவர்கள் விதவைகள், தகப்பன் முகம் தெரியாத பிள்ளைகள், மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைத்தவர்கள். இன்னொரு பக்கம், 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு, தோட்டத்துப் பையன்களும் பெண்களும் இந்திய தேசிய இராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள். நேற்றுவரை துரையைக் கண்டால் ஒதுங்கி நின்றவன் அங்கே சீருடை போட்டான், அணிவகுத்தான், தலைநிமிர்ந்து வணக்கம் சொன்னான். 1945இல் போர் முடிந்து அதே தோட்டத்துக்குத் திரும்பிவந்தால் அதே பெரட்டுக் களம், அதே பால்வெட்டு, அதே கிராணி, அதே அரைவயிற்றுச் சம்பளம். லயம் மாறவில்லை, திரும்பி வந்தவன் மாறியிருந்தான். தொண்டர் படையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்பேன்.

சரி, அவர்கள் ஏன் கள்ளை எதிர்த்தார்கள்? கூலி உயர்வு கேட்டிருக்கலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான்.

தோட்டத்துக் கள்ளுக்கடையை வெறும் குடிப்பழக்கம் என்று பார்த்தால் பாதிதான் புரியும். அது அரசாங்க அனுமதியோடு, பல இடங்களில் தோட்ட நிர்வாகத்தின் கண்காணிப்பிலேயே நடந்த கடை. உள்ளே வேலை, உள்ளே வீடு, உள்ளேயே கள்ளு. சம்பள நாள் சாயங்காலம் கணக்கு மேசையிலிருந்து கடைக்கு நடக்கும் தூரம் அதிகமில்லை. விற்பனையில் கிடைத்த இலாபம் ஒரு நிதியில் சேரும். அந்த நிதியிலிருந்து தொழிலாளர் நலனுக்குச் செலவழிக்கிறோம் என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டது. கொஞ்சம் யோசித்துப் பாருங்க: தொழிலாளி குடித்துத் தீர்த்த காசில் ஒரு பங்கு, தர்மம் மாதிரி அவனுக்கே திரும்பி வருகிறது! கடையை மூடினால் சம்சுக்குப் போய்விடுவார்கள், அது இன்னும் மோசம் என்றும் வாதாடினார்கள். சம்சு ஆபத்தானது என்பது உண்மை. அந்த உண்மையைக் கள்ளுக்கடைக்குக் கேடயமாகப் பிடித்ததுதான் உறுத்துகிறது.

கள்ளுக்கு எதிரான குரல் 1946இல் திடீரென்று பிறந்ததும் அல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலானோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கூலி, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. துரைக்கோ கிராணிக்கோ எதிரில் சைக்கிளில் வரும் தொழிலாளி இறங்கித்தான் போக வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. சைக்கிளும் கள்ளும் ஒரே பட்டியலில்! இரண்டுமே மானம் சம்பந்தப்பட்ட விஷயங்கள். அந்தப் போராட்டத்தை இராணுவத்தைக் கொண்டு அடக்கினார்கள். தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பிறகு அந்த நெருப்பு வடக்கே தெரிந்தது. பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி என்பவர் இளைஞர்களைத் திரட்டினார். அப்படி உருவானதுதான் தொண்டர் படை. தோட்டத்துப் பிள்ளைகளே தோட்டத்துக்குத் தொண்டர்கள். போஸ் படையில் பழகிய அணிவகுப்பும் கட்டுப்பாடும் இங்கே கள்ளுக்கடை வாசலில் மறியலாக மாறின. குடிக்காதே, காசைச் சேர், பிள்ளையைக் கவனி என்று வீடு வீடாகச் சொன்னார்கள். ஆகஸ்டு 1946இல் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியதும் இதே காலம்தான். ஆனால் மேடைத் தலைவர்களுக்கும் பீடோங் லயத்துக்கும் இடையில் தூரம் இருந்தது. தொண்டர் படை மேலிருந்து யாரும் அமைத்துக் கொடுத்ததல்ல. என்னை ஈர்ப்பது அதுதான்.

இங்கே ஒரு கசப்பான பகுதியும் இருக்கிறது, அதை மறைத்துப் பாடம் நடத்தக் கூடாது. கெஞ்சிச் சொல்வதோடு எல்லாரும் நின்றுவிடவில்லை. குடித்தவர்களை மிரட்டியதும் தண்டித்ததும் நடந்திருக்கின்றன. நாள் முழுக்க உழைத்து அலுத்த ஒரு மனிதன் ஒரு மங்கு கள்ளுக்காக இருபது வயதுப் பையனிடம் அவமானப்பட்டிருந்தால், அவனுக்கு அது தொண்டாகவா தெரிந்திருக்கும்? அதே லயத்தில், அடிவாங்காமல் ஓர் இரவு தூங்கிய அவன் மனைவிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? இரண்டு கேள்விகளையும் வகுப்பில் கேளுங்கள். என் அனுபவத்தில், மாணவர்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடுவார்கள். ஆண் பெண் என்று பிரிவதும் உண்டு!

தோட்ட நிர்வாகங்களும் அரசாங்கமும் இதைக் குடிப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. கட்டுக்கோப்பான, அணிவகுக்கத் தெரிந்த, தொழிற்சங்கத்தோடும் உறவுள்ள தமிழ் இளைஞர் கூட்டமாகப் பார்த்தன. கள்ளை நிறுத்தச் சொன்னவன் நாளை வேலையை நிறுத்தச் சொல்வானே என்ற பயம். 1947 தொடக்கத்தில் பீடோங் பகுதியில் மறியலைத் தொடர்ந்து போலீசோடு மோதல்கள் ஏற்பட்டன. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பலர் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் இன்னொருவர் இறந்தார். அதற்குப் பிறகு படை நிலைகுலைந்தது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தபோது இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு மூச்சுவிடவும் இடம் இல்லாமல் போனது. கள்ளுக்கடைகளோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் திறந்தே இருந்தன.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘தொண்டர் படை தோல்வியடைந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். கடைகளை மூட முடிந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. கடையால் யாருக்கு இலாபம் என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததா என்று கேட்டால் விடை வேறு. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு காரணமும் ஒரு சான்றும் சேர்த்து எழுதுங்கள். 1941 கிள்ளான் கோரிக்கைகள் நல்ல சான்று. அத்துடன் ‘கலகக்காரர்கள்’, ‘தொண்டர்கள்’ என்ற இரண்டு சொற்களில் எதை யார் பயன்படுத்துவார்கள் என்றும் பாருங்கள். போலீசு அறிக்கை எழுதியவருக்குத் தட்டச்சு இயந்திரம் இருந்தது. மறியலில் நின்றவருக்குப் பெரும்பாலும் வாய்ச்சொல்தான் இருந்தது.

அந்த வாய்ச்சொல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆசிரியர்கள் இதை ஒரு சிறு இடுபணியாகக் கொடுக்கலாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால், கள்ளுக்கடை எங்கே இருந்தது, சம்பள நாள் ராத்திரி லயம் எப்படி இருக்கும், ‘குடிக்காதே’ என்று முதலில் சொன்னது யார் என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்டு, அவர்கள் சொன்ன பேச்சுத் தமிழிலேயே எழுதிக்கொண்டு வரட்டும். பாட்டியிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். தாத்தா பக்கத்தில் இருந்தால் பதில் சுருங்கிவிடும்.