லைட் புரோகிராம்

லைட் புரோகிராம் என்பது, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த மூன்று மாதங்களுக்குள், 1945 ஜூலை 29 அன்று, பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமான பிபிசி தொடங்கிய கேளிக்கை வானொலி அலைவரிசை. போர்க்காலத்தில் படைவீரர்களுக்கென நடத்தப்பட்ட சேவையின் இடத்தில் வந்த இது, செய்தியும் உரையும் நாடகமும் கலந்து வழங்கிய ஹோம் சர்வீஸுடனும், 1946 செப்டம்பர் 29 முதல் உயரிய இசைக்கும் இலக்கியத்துக்கும் ஒதுக்கப்பட்ட தேர்ட் புரோகிராமுடனும் சேர்ந்து பிபிசியின் மூன்று உள்நாட்டு ஒலிபரப்புகளுள் ஒன்றாயிற்று. அன்றைய தலைமை இயக்குநர் வில்லியம் ஹேலி இம்மூன்றையும் ஒரு பிரமிடாகக் கருதி, அடித்தளத்தில் லைட் கேட்கும் நேயர் ரசனை வளர்ந்து படிப்படியாக மேலேறுவார் என எதிர்பார்த்தார். நேயர்களுள் பெரும்பாலோர் அடித்தளத்திலேயே மனநிறைவோடு தங்கிவிட்டனர்.

வானொலிப் பெட்டி வைத்திருந்த வீட்டார் ஆண்டுக்கு ஒருமுறை உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. பத்து ஷில்லிங்காக இருந்த அத்தொகை 1946 ஜூனில் ஒரு பவுண்டாக உயர்ந்தது. மின்னிணைப்பு எட்டாத வீடுகளில் வால்வுப் பெட்டிகள் ஈயமும் அமிலமும் கொண்ட மின்கலங்களால் இயங்கின. கனத்த கண்ணாடிக் கலனாக இருந்த அவற்றை அவ்வப்போது கடைக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வர வேண்டும் என்பதால், மாலை நிகழ்ச்சிக்காகப் பகலில் பெட்டியை அணைத்துவைப்பதும் உண்டு.

லைட்டின் அன்றாட ஒலிபரப்பு, வீட்டு வேலையும் ஆலைச் சங்கும் வகுத்த நேரக்கணக்கை ஒட்டியே அமைந்தது. காலை ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் வந்த ‘ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்’ (1946–1967), இல்லத்தரசிகள் அஞ்சலட்டையில் எழுதிக் கேட்ட இசைத்தட்டுகளை ஒலிபரப்பிய நேயர் விருப்ப நிகழ்ச்சி. பெண்களுக்கான அந்நிகழ்ச்சியைத் தொகுத்தவர்களுள் பெரும்பாலோர் ஆண்களாக இருந்தது அக்காலத்தவர்க்கு விந்தையாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

பத்தரை மணிக்கு ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ தொடங்கியது. 1940 ஜூனில் ஆயுத ஆலைகளின் உற்பத்தியைப் பெருக்கும் நோக்கில் பிறந்த இந்த அரைமணி நேர இசை, போர் முடிந்த பின்னும் ஆலைக் கூடங்களின் ஒலிபெருக்கிகளில் முற்பகலிலும் பிற்பகலிலும் தொடர்ந்தது. இசைத்தட்டுகளை வானொலி எத்தனை மணி நேரம் ஒலிக்கலாம் என்பதற்குத் தட்டு நிறுவனங்களுடனான உடன்பாடு கடுமையான வரம்பு விதித்திருந்தமையால், இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் இசைக்குழுக்களே நேரில் வாசித்தன. அவற்றுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் கேளிக்கையைக் காட்டிலும் பொறியியலைச் சார்ந்தவை எனலாம்: எந்திர இரைச்சலை மீறிக் கேட்கும்படி ஒலியளவு ஏறி இறங்காமல் இருக்க வேண்டும், தூக்கம் வரவழைக்கும் மெட்டுகள் கூடாது, எந்திர ஓசையோடு குழம்பும் முரசொலி அடங்கியே இருக்க வேண்டும். ‘டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ என்னும் பாடல் போர்க்காலத்திலேயே வேலை நேரத்தில் விலக்கப்பட்டது. அதன் கைதட்டல் வரும் இடங்களில் தொழிலாளர்கள் கையிலிருந்த கருவிகளால் எந்திரங்களைத் தட்டித் தாளமிடுவார்கள் என்ற அச்சமே காரணம்.

1950 முதல் பிற்பகல் ஒன்றே முக்காலுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ‘லிசன் வித் மதர்’ கால் மணி நேரம் ஒலித்தது; கதை கேட்ட குழந்தை கண்ணயரும் வேளையில், இரண்டு மணிக்கு, தாய்க்கான ‘வுமன்ஸ் ஹவர்’ தொடங்கியது. 1948 ஜனவரி 5இல் தொடங்கிய ‘மிஸஸ் டேல்ஸ் டைரி’ பிற்பகலில் ஒலித்து மறுநாள் முற்பகலில் மறு ஒலிபரப்பானது. லண்டன் புறநகரில் வாழும் மருத்துவர் ஒருவரின் மனைவி தம் நாட்குறிப்பு வழியாகக் குடும்ப நடப்பைச் சொல்லும் இத்தொடர், கணவரைப் பற்றிய அவருடைய ஓயாத கவலைக்காகக் கேலிக்கும் ஆளானது.

மாலை ஆறே முக்காலுக்கு நாடு அமைதியானதற்குக் காரணம் ‘டிக் பார்ட்டன்: ஸ்பெஷல் ஏஜென்ட்’. ‘வுமன்ஸ் ஹவர்’ தொடங்கிய அதே 1946 அக்டோபர் 7 அன்று தொடங்கிய இந்தத் துப்பறியும் தொடர், ஒவ்வொரு நாளும் நாயகனை ஆபத்தின் விளிம்பில் நிறுத்தி முடிந்ததால், உச்சத்தில் ஒன்றரைக் கோடி நேயர்களை ஈர்த்தது. சிறுவர்கள் வீட்டுப்பாடத்தை மறக்கிறார்கள், வன்முறையைப் பழகுகிறார்கள் என்று கண்டனம் எழவே, பார்ட்டன் குடிக்கக் கூடாது, இழிசொல் பேசக் கூடாது, முகவாயில் நேர்மையான குத்து விடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பன போன்ற விதிகளை பிபிசி வகுத்தது.

இரவு நேரம் பல்சுவை நிகழ்ச்சிகளுக்கு உரியது. வில்ஃபிரட் பிக்கிள்ஸ் ஊர் ஊராகச் சென்று உள்ளூர் மன்றங்களில் சாமானியர்களிடம் கேள்வி கேட்டு நடத்திய ‘ஹேவ் எ கோ’வில் பரிசு ஒரு பவுண்டு பதினெட்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் மட்டுமே, சாதாரண மக்களின் வட்டாரப் பேச்சு நாடெங்கும் கேட்டதே அதன் உண்மையான புதுமை. ஃபிராங்க் மியூர், டெனிஸ் நார்டன் இருவரும் எழுதிய ‘டேக் இட் ஃப்ரம் ஹியர்’ (1948–1960) சொல்விளையாட்டால் பெயர் பெற்றது. 1950இல் தொடங்கிய ‘எஜுகேட்டிங் ஆர்ச்சி’யின் நாயகன், உதடசையாமல் குரல் கொடுக்கும் கலைஞர் பீட்டர் பிராவின் மரப்பொம்மை, உதடு யாருக்கும் தெரியாத வானொலியில் அக்கலை வெற்றி பெற்றது வேடிக்கைதான். நகைச்சுவை எழுத்தாளர்களுக்கென 1940களின் இறுதியில் பிபிசி வகுத்த, ‘பச்சைப் புத்தகம்’ எனப்பட்ட கையேடு, கழிப்பறை, தேனிலவுத் தம்பதியர், பெண்களின் உள்ளாடை ஆகியவை பற்றிய துணுக்குகளை அறவே விலக்கியது. தணிக்கையை மீற எழுத்தாளர்கள் இரட்டுறு பொருளில் தேர்ந்தது அதன் எதிர்பாராப் பயன்.

1951இல் டிக் பார்ட்டனின் நேரத்தைப் பிடித்த ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்னும் நாடகத் தொடர், உணவுப் பங்கீடு நீடித்த நாட்டில் உழவர்களுக்கு வேளாண் செய்திகளைக் கதையோடு ஊட்டும் எண்ணத்துடன் உருவானது. 1955 செப்டம்பர் 22 அன்று, விளம்பரத் தொலைக்காட்சியான ஐடிவி தொடங்கிய இரவில், கிரேஸ் ஆர்ச்சர் என்னும் இளம் மனைவி தீ விபத்தில் இறப்பதாகக் கதை அமைக்கப்பட்டது. மறுநாள் நாளேடுகள் புதிய தொலைக்காட்சியைக் காட்டிலும் அந்த மரணத்தைப் பற்றியே அதிகம் எழுதின. ஆயினும் மாலை நேர நேயர்கள் தொலைக்காட்சிக்கு நகர்வதை அது தடுக்கவில்லை. 1967 செப்டம்பர் 30 அன்று லைட் புரோகிராம் ரேடியோ 2 எனப் பெயர் மாறியது, இளைஞர்களின் பாப் இசை புதிய ரேடியோ 1க்குச் சென்றது.